இந்தப் பக்கம் வரக்கூடாது

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஃபேன் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழாது. இந்தக் கதையில் வார்த்தைதான் எல்லாமே. ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் கதை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும். அப்புறம் கூப்பிட்டாலும் வராது.

தெற்கே ஒரு ஊர். ஊர்ப்பேர் எதற்கு? ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுக்கிற இடத்தில் நாலு ஜன்னல். முதல் ஜன்னல் ஆண்களுக்கு. இரண்டாவது பெண்களுக்கு. மூன்றாவது பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு. நாலாவது சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு. ஆனால் புதன்கிழமை மட்டும் மனநல டாக்டர் வருவார். அன்றைக்கு நாலாம் ஜன்னல் அவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு.

அந்த நாலு ஜன்னலுக்கும் பொறுப்பு ஜெசிந்தா மேடம். வயது முப்பத்தொன்று. சத்தம் போட மாட்டார். ஒன்று கேட்டால் பாதி பதில் சொல்வார். மீதிப் பாதியைக் கேட்டவன்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அவரிடம் பயிற்சிக்கு வந்த சீடப்பிள்ளைகள் ஆறு பேர். ஐந்து பேர் இருபது வயசு. ஆறாவது ஆளுக்கு நாற்பத்தாறு. பேர் திரவியம்.

சீடன் மூத்தவர், குரு இளையவர். அதனால் என்ன? தெரிந்தவர் குரு.

திரவியம் இருபத்திரண்டு வருஷம் ஒரு மருந்துக்கடையில் நின்றவர். டாக்டர் கோழி கிண்டின மாதிரி எழுதியிருந்தாலும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். கை நிறைய வேலை தெரியும்; காட்டுவதற்குக் காகிதம் கிடையாது. இந்த வயசுக்கு மேல் டி.ஃபார்ம் என்கிற மருந்துப் படிப்பில் சேர்ந்து, மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை எல்லாம் தேறிவிட்டார். மிச்சம் ஆஸ்பத்திரியில் இந்த மூன்று மாசப் பயிற்சி. முடிவில் ஜெசிந்தா மேடம் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் காகிதம்.

கடையில் அவருக்கு ஒரு பழக்கம். மருந்தைக் கையில் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்: "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது, நல்லா இருங்க."

நம்ம பக்கத்து வழக்கம் தெரியும்தானே. ஆஸ்பத்திரியில், மருந்துக்கடையில், யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டார்கள். "போயிட்டு வாங்க" என்று சொல்லவும் மாட்டார்கள். திரும்ப வரவேண்டிய இடமா அது? அதனால் திரவியத்தின் வார்த்தைக்கு ஊரில் ஒரு மவுசு. "அண்ணாச்சி வாயால கேட்டுட்டு வந்தா பாதிக் காய்ச்சல் வழியிலேயே விட்டுரும்" என்பார்கள்.

முதல் புதன்கிழமை வந்தது. காலையிலேயே சீடப்பிள்ளைகளுக்குள் தள்ளுமுள்ளு.

"எனக்கு ஸ்டோர்ல வேலை இருக்கு."

"எனக்கும் ஸ்டோர்லதான்."

"ஏல, அந்தப் பாடத்துல நீதானே முதல் மார்க்கு? நீ போய் நாலாம் ஜன்னல்ல உட்காரு."

"மார்க்கு வேற, ஜன்னல் வேற. திடீர்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னா?"

ஹாஜிரா என்று ஒரு பெண். வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, நீங்கதான் மூத்தவங்க. நாலாம் ஜன்னல் ஒங்களுக்குத்தான் மரியாதை" என்றாள்.

"மரியாதையா, மாட்டிவிடுதியா?"

"ரெண்டும்தான்."

திரவியமும் சிரித்தார். ஆனால் அவரும் நாலாம் ஜன்னல் பக்கம் நகரவில்லை. சின்ன வயசில் தெருவில் ஒருத்தர் கத்திக்கொண்டு ஓடுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் கிடையாது. புத்தகத்தில் படித்ததெல்லாம் மாத்திரையைப் பற்றி. மாத்திரை சாப்பிடுகிற ஆளைப் பற்றி அல்ல.

அன்றைக்கு ஜெசிந்தா மேடமே நாலாம் ஜன்னலில் உட்கார்ந்தார். "அண்ணாச்சி, பின்னால நின்னு பாருங்க" என்றார்.

திரவியம் பார்த்தார். மேடம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்தார். முகத்தைப் பார்த்தார். எந்த மாத்திரை எந்த நேரம் என்று சொன்னார். எல்லாம் சரிதான். கடைசியில் மட்டும் ஒவ்வொருவரிடமும், "போயிட்டு வாங்க" என்றார்.

திரவியத்துக்குச் சுருக்கென்றது. ஒரு ஆளிடம் என்றால் வாய்தவறி என்று விட்டுவிடலாம். வந்த அத்தனை பேரிடமும் அதே வார்த்தை.

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது கேட்டுவிட்டார்.

"மேடம், முதல் ஜன்னல்ல காய்ச்சக்காரனுக்கு என்ன சொல்லுதீங்க?"

"நல்லா இருங்கன்னு சொல்றேன்."

"மூணாம் ஜன்னல்ல?"

"பிள்ளை நல்லா இருக்கட்டும்னு சொல்றேன்."

"நாலாம் ஜன்னல்ல மட்டும் 'போயிட்டு வாங்க'ங்கீங்க. அது ஆஸ்பத்திரியில சொல்லப்படாத வார்த்தையில்லையா?"

"ஆமா."

"ஒங்க வீட்டுல யாரும் சொல்லித் தரலியா?"

"தந்தாங்களே. எங்க அம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க."

"பின்னே?"

மேடம் தயிர்ச் சோற்றைப் பிசைந்தார். "அவங்க வரணுமே அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரிக்கா?"

"சாப்பிடுங்க. ஆறுது."

தயிர்ச் சோறு எப்படி ஆறும் என்று திரவியத்துக்கு விளங்கவில்லை. அந்தப் பதிலும் விளங்கவில்லை. பாவம், படிச்ச பிள்ளை, நல்லது கெட்டது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். நாம் அந்த ஜன்னலில் உட்காருகிற அன்றைக்கு அந்த ஆகாத வார்த்தையைச் சொல்லக்கூடாது. நம்ம கைராசி வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை நாலாம் ஜன்னலில் அவரே உட்கார்ந்தார். மேடம் உள்ளே ஸ்டோரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

திரவியம் ஸ்டூலை ஜன்னலை விட்டு ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஏன் தள்ளினார்? அவரைக் கேட்டால் வெக்கை என்பார். மாத்திரைக் கவரை ஜன்னல் விளிம்பில் வைத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதற்கு என்ன சொல்வாரோ.

வருகிற ஆள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "கூட வந்தது யாரு?"

கூட வந்தவர் தலையை நீட்டுவார். திரவியம் அவரிடம் அருமையாக எடுத்துச் சொல்வார். காலையில் இது, ராத்திரி இது, தூக்கமாக வரும், வண்டி ஓட்ட விடாதீங்க. மாத்திரை சாப்பிடப் போகிற ஆள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் சொன்னார்: "எனக்குத்தான் சார் மாத்திரை. என்கிட்ட சொல்லுங்க." திரவியம் தலையை ஆட்டிவிட்டு அந்த அம்மாளின் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அப்புறம் பேச்சிமுத்து வந்தார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயசு இருக்கும். மார்க்கெட்டில் வாழை இலை மண்டியில் இலை கட்டுகிற வேலை. கையெல்லாம் பச்சையும் கறுப்புமாக வாழைக்கறை. பேரில் பேச்சு இருக்கிறதே தவிர வாயில் கொஞ்சம்தான்.

"கூட வந்தது யாரு?" என்றார் திரவியம்.

பேச்சிமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரும் வரலியே."

"தனியாவா வந்த?"

"தனியாத்தான் வருவேன்."

திரவியத்துக்கு இப்போது யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பேச்சிமுத்துவின் தோளுக்கு மேலாக இருந்த தூணைப் பார்த்துச் சொன்னார். காலையில் ஒண்ணு, ராத்திரி ரெண்டு. தூண் கேட்டுக்கொண்டது.

பேச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். காலி மாத்திரை அட்டைகள். போன மாசம் சாப்பிட்டு முடித்தது. ஒவ்வொன்றாக நீவி, ஜன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கினார்.

இதென்ன குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிறான் என்று நினைத்தார் திரவியம். கூடையை எடுத்து, விளிம்போடு சேர்த்து ஒரே வழியாக வழித்துக் கூடையில் தள்ளினார். பேச்சிமுத்துவின் கை கடைசி அட்டையோடு அந்தரத்தில் நின்றது. அதையும் வாங்கிக் கூடையில் போட்டார்.

புதுக் கவரை வைத்தார். கையை இழுத்துக்கொண்டார். அடுத்த டோக்கனைப் பார்த்தபடியே சொன்னார்: "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது. என்ன?"

பேச்சிமுத்து கவரை எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கமேவா?"

"இந்தப் பக்கமே."

"சரி."

போய்விட்டார். திரவியத்துக்கு அப்பாடா என்று இருந்தது. நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிய நிம்மதியா, ஆள் போய்த் தொலைந்த நிம்மதியா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் அப்படி எத்தனை நிம்மதியைப் பிரித்துப் பார்த்திருக்கிறோம்?

நாலு வாரம் போயிற்று. பேச்சிமுத்து வரவேண்டிய புதன்கிழமை. பன்னிரண்டு ஆச்சு, ஒன்று ஆச்சு. டாக்டர் கிளம்பிவிட்டார். மற்ற மூன்று ஜன்னலையும் சாத்தியாயிற்று. நாலாவதை மட்டும் ஜெசிந்தா மேடம் சாத்தவில்லை.

"பேச்சிமுத்து வரலியே" என்றார்.

"நாளைக்கு வருவான் மேடம்" என்றார் திரவியம்.

"அவர் நாள் தப்ப மாட்டாரு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரே ஒரு தடவை தப்பிருச்சு. மாத்திரை நின்னு போச்சு. பதினோரு நாள் கழிச்சு ஏதோ ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல கண்டுபிடிச்சாங்க. பாதம் ரெண்டும் வெடிச்சுப் புண்ணாயிருந்தது."

வார்டு ஆயாம்மாவை மார்க்கெட்டுக்கு அனுப்பிக் கேட்டார்கள். ஆயாம்மா வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தது. "காலையில ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாராம் மேடம்."

கிளம்பிய ஆள் வந்து சேரவில்லை.

மேடம் திரவியத்தைப் பார்த்தார். "போன தடவை நீங்கதானே குடுத்தீங்க. என்ன சொன்னீங்க?"

"காலையில சாப்பிட்ட பிறகு ஒண்ணு, ராத்திரி ரெண்டு, நெறைய தண்ணி குடிக்கணும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அனுப்பும்போது?"

திரவியம் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். "நம்ம வழக்கமான வார்த்தைதான். இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு."

மேடம் சாத்தப்போன ஜன்னலைப் பாதியில் பிடித்தபடி நின்றார்.

"நல்ல வார்த்தைதானே மேடம்?"

"நல்ல வார்த்தைதான்."

"அப்ப நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நானும் யோசிக்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மேடம் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் திரவியத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொன்ன வார்த்தை. எத்தனை பேர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது எப்படி ஒரு ஆளைத் தொலைக்கும்?

மறுநாள் காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தார். பிள்ளைகள் ஐந்து பேரும் நிற்கிறார்கள். ஜெசிந்தா மேடம் எழுந்தார். முகம் நிறையச் சிரித்தார். அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி" என்றார், "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது, நல்லா இருங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து சீட்டுகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"மேடம்?"

மேடம் அடுத்த சீட்டைப் புரட்டினார்.

"மேடம், பதிவேடு…"

பதிவேட்டை மேடம் மேஜைக்குள் வைத்துவிட்டார்.

திரவியம் வெளியே வந்து ஹாஜிராவைச் சைகை காட்டி அழைத்தார். "ஏம்மா, மேடம் இப்ப என்னை வாழ்த்தினாங்களா, விரட்டினாங்களா?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? சிரிச்சாங்களே."

"சிரிச்சாங்க."

"அப்ப வாழ்த்து."

"வரக்கூடாதுன்னாங்களே."

"அப்ப விரட்டு."

"ரெண்டுல எதும்மா?"

ஹாஜிரா யோசித்தாள். "நீங்க கடையில சொல்லும்போது எது?"

திரவியம் வராந்தாவில் நின்றார். உள்ளே போகலாமா? போனால் என்ன, கழுத்தைப் பிடித்தா தள்ளப் போகிறார்கள்? ஆனால் வரக்கூடாது என்று சொன்ன இடத்துக்குள் எந்த முகத்தோடு போவது? மூன்று மாசப் பயிற்சி, கையெழுத்து, காகிதம், எல்லாம் அந்தச் சிரிப்புக்குள் மாட்டிக்கொண்டது. காவலாளி வந்து, "வழியில நிக்காதீங்க அண்ணாச்சி, ஸ்ட்ரெச்சர் வருது" என்றார். தள்ளித் தள்ளி வாசலுக்கு வந்தார். வாசலில் ஆட்டோக்காரர்கள். ரோட்டைத் தாண்டினார். எதிரே டீக்கடை.

டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

திரவியத்தின் கால் முதலில் ஒரு எட்டு பின்னால் போயிற்று. பிறகுதான் முன்னால் வந்தது.

"ஏ தம்பி! இங்கயா இருக்க? ஊரெல்லாம் தேடுதாங்க!"

பேச்சிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நேரத்துக்கு உள்ளதானே இருப்பீங்க. என்ன இந்தப் பக்கம்?"

திரவியத்துக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "மேடம் இனிமே அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாங்க."

"ஒங்களையுமா?"

பேச்சிமுத்து நகர்ந்து இடம் விட்டார். திரவியம் உட்கார்ந்தார்.

டீ மாஸ்டர் உள்ளே இருந்து சொன்னார்: "நேத்து காலையிலேருந்து இங்கதான் இருக்காரு. நேத்து கடைக்குள்ள மூலையில இருந்தாரு, யாரு கண்ணுலயும் படல. இருட்டினதும் வீட்டுக்குப் போனாரு, இன்னிக்குக் காலையில திரும்ப வந்துட்டாரு. ஆஸ்பத்திரியையே பார்த்துக்கிட்டு இருக்காரு. ஒரு தொந்தரவு கிடையாது. என் கடை போர்டைக்கூடத் துடைச்சுக் குடுத்தாரு."

"ஏன் தம்பி உள்ள வரலை?"

"இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னீங்க. இதுதானே அந்தப் பக்கம்."

திரவியம் ரோட்டைப் பார்த்தார். இக்கரை, அக்கரை. இந்த மனுஷன் சொன்ன வார்த்தையை இம்மியும் மீறவில்லை.

"அது நல்ல வார்த்தை தம்பி. நோய் நொடி இல்லாம இருக்கணும்னு எல்லாருக்கும் சொல்லுறது."

"கேள்விப்பட்டிருக்கேன். எங்க மண்டியில உள்ளவங்க ஒங்க கடையிலதான் மருந்து வாங்குவாங்க. அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே சொல்லுவாருன்னுவாங்க." பேச்சிமுத்து கையில் இருந்த கறையைச் சுரண்டினார். "எனக்கு ஏன் சிரிக்கல?"

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அது போகிற வரைக்கும் திரவியத்துக்கு அவகாசம் கிடைத்தது.

"எனக்கே தெரியல" என்றார்.

"அட்டையையும் குப்பையில போட்டுட்டீங்க."

"காலி அட்டைதானே தம்பி."

"காலியா இருக்கறதைக் காட்டத்தானே கொண்டுவந்தேன். மேடம் ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்ப்பாங்க. 'ஒண்ணுகூட மிச்சம் வைக்கலியே'ம்பாங்க."

திரவியம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஞாபகம் வந்து பதறினார். "மாத்திரை? நேத்தோட முடிஞ்சிருக்குமே!"

"காலையில மேடம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என்னைப் பார்த்துட்டாங்க. இங்கயே வந்து டீ வாங்கிக் குடுத்தாங்க. டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. ஒரு நாளுக்கு உள்ளது மட்டும் கையில குடுத்தாங்க. மீதி ஜன்னல்லதான், வாங்கன்னாங்க. நான் வரலைன்னுட்டேன்."

"மேடமே கூப்பிட்டும் வரலியா? ஏன்?"

"வரக்கூடாதுன்னு சொன்னது அவங்க இல்லியே. நீங்கதானே."

"சரி, நானே கூப்பிடுதேன். வா, போவோம்."

பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. "நீங்க வந்து கூப்பிட்டா வரலாம்னுதான் இருந்தேன். ஆனா ஒங்களையே வரக்கூடாதுன்னுட்டாங்களே. வரக்கூடாதவரு கூப்பிட்டு வரக்கூடாதவரு எப்படி வாரது?"

டீ மாஸ்டர் சிரித்துவிட்டார். திரவியம் சிரிக்கவில்லை. அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினார். இருபத்திரண்டு வருஷ அனுபவம், ஒரு படிப்பு, எல்லாவற்றையும் கொண்டுவந்து தேடியும் ஓட்டை அகப்படவில்லை.

"இங்கயே இரு… இருங்க" என்றார். "எங்கேயும் போயிராதீங்க. கேட்டுட்டு வாரேன்."

திரும்ப ரோட்டைத் தாண்டினார். உள் கதவு வழியாகப் போகக் கால் வரவில்லை. வெளியே சுற்றி வந்தார். வியாழக்கிழமை, நாலாம் ஜன்னலில் சர்க்கரைக்காரர்கள் வரிசை. வரிசையின் கடைசியில் நின்றார்.

அவர் முறை வந்தது. அந்த ஜன்னலை வெளியே இருந்து அவர் பார்த்ததே இல்லை. தாழ்வான ஜன்னல். நிமிர்ந்து நின்றால் உள்ளே இருக்கிறவரின் முகம் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். ஸ்டூல் தள்ளிப் போட்டிருந்தால் கையும் தெரியாது. முகம் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும்.

குனிந்தார்.

"மேடம்."

ஜெசிந்தா மேடம் ஏறிட்டுப் பார்த்தார். ஸ்டூல் ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது. "என்ன அண்ணாச்சி?"

"நான் உள்ள வரலாமா, வரக்கூடாதா?"

"யாரு வரக்கூடாதுன்னா?"

"நீங்கதான் மேடம். காலையில."

"நான் நல்ல வார்த்தை இல்லையா சொன்னேன்?"

திரவியம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "சீக்கிரம் வாங்கிட்டு நகருங்கய்யா" என்றார்.

"பேச்சிமுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்காரு மேடம்."

"தெரியும்."

"நான் கூப்பிட்டா வரமாட்டேங்காரு. நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டேங்காரு. இனி என்னதான் சொல்லிக் கூப்பிட? எனக்கு ஒண்ணுமே விளங்கல."

மேடம் சாய்ந்து, அலமாரியில் பேச்சிமுத்து பேர் எழுதி எடுத்து வைத்திருந்த கவரை முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"போயிட்டு வாங்க, அண்ணாச்சி."

திரவியம் கவரைப் பார்த்தார். அப்புறம் நகர்ந்தார். வராந்தாவில் நடக்கும்போது அந்த வார்த்தையை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

வாசலுக்கு வந்தார். ரோட்டைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரி ஓரமாகவே, நடைபாதை விளிம்பில் நின்றுகொண்டார். எதிரே பேச்சிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து பார்த்தார்.

திரவியம் இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"பேச்சிமுத்து! இந்தப் பக்கம் வாங்க!"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அந்த விதமாக வந்ததில்லை. ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒங்களை உள்ள விட்டுட்டாங்களா?" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

"போயிட்டு வாங்கன்னாங்க!"

"ஒங்களை மட்டுமா? ரெண்டு பேரையுமா?"

திரவியம் திகைத்துப்போனார். 'வாங்க' என்றால் ஒரு ஆளுக்கு மரியாதையாகவும் சொல்லலாம், இரண்டு பேருக்குச் சேர்த்தும் சொல்லலாம். மேடம் எதைச் சொன்னார்? கேட்காமல் வந்துவிட்டோமே.

"தெரியலியே!" என்று கத்தினார். "வாங்க!"

ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. ஆட்களை இறக்கியது, ஏற்றியது, உறுமிக்கொண்டு நகர்ந்தது. பஸ் போன பிறகு பார்த்தால் டீக்கடை வாசலில் பேச்சிமுத்து இல்லை. பெஞ்சிலும் இல்லை. திரவியம் இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தார். பதினோரு நாள், ரயில்வே ஸ்டேஷன், வெடித்த பாதம் எல்லாம் கண் முன்னால் வந்தது.

"பேச்சிமுத்து! ஏ, பேச்சிமுத்து!"

"மெதுவா அண்ணாச்சி" என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். "ஆஸ்பத்திரி. சத்தம் போடப்படாது."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வரிசையில் நின்றார்கள். திரவியம் பின்னால், பேச்சிமுத்து முன்னால். நாலாம் ஜன்னல் வந்தது. இரண்டு தலையும் சேர்ந்து குனிந்தன.

ஜெசிந்தா மேடம் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஜன்னலில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் கேட்டறியாத கேள்வியைக் கேட்டார்.

"கூட வந்தது யாரு?"

திரவியம் பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

பேச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக நீவி வரிசையாக அடுக்கி முடித்தார். அப்புறம் நிதானமாக, கறை படிந்த கையை உயர்த்தினார்.